மூன்றடி உயரம் வரை

பாடக் குறிப்பேட்டில் நான் எழுதியது இவ்வளவுதான்:
யூகேஜி பி பிரிவு. செயல்பாடு, கிறிஸ்துமஸ் மரம்.
கற்றல் விளைவு: நிறம், எண்ணிக்கை, சிறிது பெரிது.

மரம் என்றால் சவுக்கு.
சாரத்துக்குக் கம்பு வெட்டுகிறவர்
வேண்டாமென்று கழித்த நுனி.
ஷேர் ஆட்டோவில் என் மடியில் படுத்து வந்தது,
தேவகோட்டை ரஸ்தா தாண்டுவதற்குள்
சேலை முழுக்க ஊசி இலை.
பெயின்ட் வாளியில் மணல் கொட்டி நிறுத்தினோம்.
வெளியே மூன்றாம் நாளாக மழை.

இருபத்தேழு பிள்ளைகள், இருபத்தேழு முட்டை ஓடு,
சாயம் காயாமலே வந்தவை பாதி.
சிவப்புக்கு அடுத்துப் பச்சை, பச்சைக்கு அடுத்து...
நான் சொல்லி முடிக்கவில்லை,
நாச்சம்மை ஏழு சிவப்பையும்
ஒரே கிளையில் மாட்டிவிட்டாள்.
"இது சிவப்போட வீடு மிஸ்."

இன்னாசிமுத்துவின் வீட்டில் நிஜ மரமே இருக்கிறதாம்,
பிளாஸ்டிக்கில்.
அதனால் எங்கள் மரத்தை அவன் நம்பவில்லை.
நட்சத்திரம் உச்சியில்தான் இருக்கணும் என்றான்.
யாருக்கும் எட்டவில்லை.
"குடில்ல பாப்பா கீழதானே படுத்திருக்கு,
மேல வெச்சா அதுக்கு எப்படித் தெரியும்?"
யார் கேட்டது என்று பார்ப்பதற்குள்
தரைக்கு ஒரு சாண் மேலே
நட்சத்திரம் தொங்கியது.

செல்லக்கருப்பு கொண்டுவந்தது
ஆத்தங்குடிப் பட்டறையில் அவன் அப்பா ஒதுக்கிய
உடைந்த பூக்கல் துண்டு.
நூல் சுற்றி மாட்டினான்.
கிளை தொங்கியது, வாளி சரிந்தது.
வேண்டாம்பா என்று வாயெடுத்தேன்.
அதற்குள் எதிர்க்கிளையில்
தன் தண்ணீர் பாட்டிலை மாட்டிவிட்டாள் தஸ்லீமா.
மரம் நிமிர்ந்தது.
எடுத்து ஒரு வாய் குடித்து, திரும்ப மாட்டினாள்.
மரம் கொஞ்சம் சாய்ந்தது.
இன்னொரு வாய்.
இன்னும் கொஞ்சம்.
வகுப்பே மூச்சைப் பிடித்துப் பார்த்தது.
குறிப்பேட்டில் இந்தப் பாடம் இல்லை.

கடைசி மணி அடித்தபோது
மூன்றடிக்குக் கீழே திருவிழா.
அதற்கு மேல் வெறும் சவுக்கு.

அவர்கள் போன பிறகு நான் ஒரு காரியம் செய்தேன்.
நாளை பெற்றோர் வருகிறார்கள், தாளாளர் வருகிறார்,
போட்டோ உண்டு.
நாற்காலி போட்டு ஏறினேன்.
ஏழு சிவப்பையும் ஏழு திசைக்கு அனுப்பினேன்.
நட்சத்திரம் உச்சிக்கு.
பாட்டில் ஜன்னலுக்கு.
கல் மேசை இழுப்பறைக்கு.
கடையில் வாங்கியது போல் அழகாக இருந்தது மரம்.
ஒன்றிரண்டு முறை தள்ளி நின்றுகூடப் பார்த்தேன்.

காலையில் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.
பத்துக்கு மேல் எண்ணத் தெரியாத நாச்சம்மை
காற்றில் விரலை நகர்த்தி நகர்த்தித் தேடினாள்.
ஆறு கிடைத்தது.
நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஏழாவதும்
கிடைத்தது.
"எல்லாம் வீட்டை விட்டுப் போயிருச்சு."

"பூனை" என்றான் இன்னாசிமுத்து.
"பூனை கல்லையா தூக்கும்?" என்றான் செல்லக்கருப்பு.
தஸ்லீமா எதுவும் சொல்லவில்லை.
உச்சியைப் பார்த்தாள்.
நாற்காலியைப் பார்த்தாள், அதன்மேல் ஊசி இலை.
பிறகு என்னை.

இருபத்தேழு தலை ஒன்றாகத் திரும்பியது.
ஜூன் மாதத்திலிருந்து எவ்வளவோ கத்தியிருக்கிறேன்,
ஒருநாளும் இப்படித் திரும்பியதில்லை.

"நான்தான்" என்றேன்.
செல்லக்கருப்பு கையை நீட்டினான்.
இழுப்பறையைத் திறந்தேன்.

தாளாளர் வந்தபோது
மரம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.
போட்டோக்காரர் கேமராவைச் சாய்த்தார்,
பிறகு தலையை.
"இருங்க அங்கிள், சரியாயிரும்" என்று
காலி பாட்டிலோடு குழாய்க்கு ஓடினாள் தஸ்லீமா.